எறும்பின் கையில் மட்டும் மறையும் புரதம்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். வைத்தவள் நான்தான். ஆள் குள்ளம், நடையோ ஓட்டம், கையில் எதையாவது தூக்கிக்கொண்டேதான் போவாள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் கூட்டம் நாங்கள் இருவரும். வருஷா வருஷம் ஆய்வகத் தலைவி மேடம் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் எங்களுக்கு நாற்காலி உண்டு. இதை நினைத்து நான் மூக்கால் அழும்போதெல்லாம், "வாய மூடிட்டு பைப்பெட்ட எடுடி" என்று சொட்டு அளக்கும் குழாயை நீட்டுவாள்.

சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தாள். கட்டில், மடக்கு மேசை, ஒரு மின்னடுப்பு. அவ்வளவுதான் சொத்து. கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர், பாதி வருஷம் கடலில். மாமனார் போன பிறகு மாமியார் ஊரில் தனியாக இருந்தார். கூப்பிட்டுப் பார்த்தாள், அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். "உன் ரூமுல நான் கால நீட்டினா சுவர் இடிக்கும்" என்று சொன்னாராம். அறையைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பொய் இல்லை.

அவள் ஆராய்ச்சி என்னவென்று கேட்பவர்களிடம், "செல்லுக்குள்ள குப்பை அள்றதப் பத்தி" என்பாள். செல்லுக்குள் புரதங்கள் ஓயாமல் உருவாகின்றன, ஓயாமல் அழிகின்றன. வேண்டாத புரதத்தின் மேல் ஓர் அடையாளம் ஒட்டப்படும். அடையாளம் விழுந்ததை ஓர் அரவை இயந்திரம் இழுத்து நொறுக்கிவிடும். எதை எப்போது அழிக்க வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? அதுதான் அவள் கேள்வி. சோதனை முறை எளிது. புதுப் புரதம் உண்டாகாமல் தடுக்கும் மருந்தைச் செல்களுக்கு ஊற்ற வேண்டும். பிறகு இருக்கிற பழையது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியில் படத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். கோடு கறுப்பாக இருந்தால் புரதம் இருக்கிறது, வெளிறினால் போய்விட்டது.

எறும்பு ஒரு புரதத்தைப் பிடித்தாள். அவள் கையில் அது அரை மணிக்குள் காணாமல் போனது. ஒவ்வொரு தடவையும் அப்படியே. பிறவியிலேயே அற்பாயுசு என்று மேடம் உற்சாகமாகி, கட்டுரை எழுதச் சொன்னார். அனுப்புவதற்கு முன் இன்னொருவர் செய்து பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

என் கையில் அந்தப் புரதம் அசையவே இல்லை. கோடு கரிக்கட்டை மாதிரி கறுப்பாக நின்றது. மறுபடி செய்தேன், அதே கதை. மேடம் முகம் சுருங்கியது. "உனக்கு வருது, அவளுக்கு வரலன்னா நான் யாரைம்மா நம்பறது?" என்று எறும்பிடம் கேட்டார். நேரடியாகப் பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை, ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளா பொய் சொல்வாள்? தப்பாக ஊற்றிய ஒரு சொட்டுக்குக்கூட மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்கிற ஜென்மம் அது.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து செய்யுங்க. வரலன்னா கட்டுரையும் இல்ல, அடுத்த வருஷமும் இல்ல" என்றார் மேடம்.

மறுநாள் மதியம் உட்கார்ந்தோம். எறும்பு போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். மூச்சுகூடப் பார்த்துத்தான் விட்டாள். விளைவு? என் கோடும் கறுப்பு, அவள் கோடும் கறுப்பு. அவள் கையிலேயே வரவில்லை! படத்தை வைத்துக்கொண்டு அவள் அப்படி அழுதாள்.

"விடுடி, நாளைக்கு இன்னொரு தடவ பாப்போம்" என்றேன்.

"நானே என்னை நம்பல. நீ எதுக்குப் பாக்கற?" என்றாள்.

வலுக்கட்டாயமாக மறுநாளும் உட்கார வைத்தேன். செல்கள் ஊறிக் கிடந்த பழைய உணவுத் திரவத்தை எடுத்துவிட்டு உப்புத் தண்ணீரால் கழுவினோம். அடுத்து மருந்து கலந்த உணவை ஊற்ற வேண்டும். அன்று அணைக்க மறந்த அவள் போன் அந்த நேரம் பார்த்து அலறியது. மாமியார். கையுறையைக் கழற்றிவிட்டு நடைபாதைக்கு ஓடினாள்.

"நேத்து ஏன்மா எடுக்கல? பதறிப் போயிட்டேன். சாப்பிட்டியா?" என்று அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது. பிறகு முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், தண்ணீர் வராத குழாய் என்று ஊர்க்கதை எல்லாம் வந்தது. என் செல்களுக்கு நான் உணவை ஊற்றி முடித்துவிட்டேன். அவளுடையவை உப்புத் தண்ணீரிலேயே அம்போ என்று கிடந்தன.

அன்று படத்தில் அவள் கோடு மாயம். என்னுடையது கறுப்பு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "உங்க அத்தை தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. அவங்க சாப்பிட உக்காரும்போது. தனியா சாப்பிட்டா தொண்டையில இறங்கலயாம். உப்புத் தண்ணியில இருந்தா செல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதானே நானும்..." பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி, அதுங்க பட்டினிடி!"

போன் இல்லாமல் நானே செய்தேன். ஒரு தட்டுச் செல்களை வேண்டுமென்றே உப்புத் தண்ணீரில் காக்க வைத்தேன். இன்னொன்றை அதே நேரம் உணவில் காக்க வைத்தேன். பட்டினி கிடந்த தட்டில் கோடு மறைந்தது. என் கையில்! ஆய்வகம் என்றும் பாராமல் விசில் அடித்தேன். அந்தப் புரதம் அற்பாயுசு இல்லை. நன்றாக வாழக்கூடியதுதான். பசி வந்தால் மட்டும் செல் அதை அழிக்கிறது.

ஆய்வகக் கூட்டத்தில் எறும்பு எழுந்து, தான் முதலில் சொன்னது தவறு என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மேடம் கேட்டார். நானாக இருந்தால் ஏதாவது கௌரவமான காரணம் ஜோடித்திருப்பேன். அவள், "என் மாமியார் போன் பண்ணாங்க மேடம்" என்றாள். அறையே சிரித்து உருண்டது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது பழசவிட நல்ல கதைம்மா. இன்னும் ஒரு வருஷம் வேணும் உனக்கு" என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் எறும்பு ஊருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மெல்லிய குரலில், "என்னால உன் வேலையே போயிருக்குமேம்மா. இனிமே அந்த நேரத்துல கூப்பிடல. நான் பாட்டுக்கு சாப்பிட்டுக்கறேன்" என்றார் மாமியார்.

எறும்பு அதட்டலாகப் பேசினாள்.

"அதெல்லாம் வேணாம் அத்தை. முதல்ல அந்த செல்லுங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு வரேன். நான் கூப்பிடற வரைக்கும் நீங்க தட்டுல கை வெக்கக் கூடாது. நானும் இன்னும் சாப்பிடல."