ஆறு மணிக்குப் போனவர்கள்

நல்லூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் என் பதவியின் பெயர் வெப் டெவலப்பர். கம்பெனிக்கு ஒரு வெப்சைட் செய்து தரத்தான் எடுத்தார்கள். அது மூன்றே மாதத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க ஒரு பக்கம், பார்கோடு ஸ்டிக்கர், கேமரா, பிரிண்டரில் சிக்கிய பேப்பர், முதலாளி வீட்டு வைஃபை என்று ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தன. ஒருமுறை முதலாளியம்மாவின் மிக்ஸி ஓடவில்லை என்றுகூட ஃபோன் வந்தது. கரண்டில் ஓடுவதெல்லாம் கம்ப்யூட்டர் என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

சம்பளம் மட்டும் வேலைக்குச் சேர்ந்த நாளில் பேசியதுதான், மூன்று வருடமாக. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஓவர்லாக் டெய்லர் அக்கா என்னைவிட அதிகம் வாங்கினார். அவருக்குக் கிடைக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவரோ, "உங்களுக்கென்னங்க, ஸ்டாஃப்பு. ஏசி ரூம்ல ஒக்காந்துக்கறீங்க" என்பார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி.

வருகைப் பதிவுக்கான ப்ரோக்ராமையும் நான்தான் எழுதினேன். வாசலில் இருக்கும் மெஷினில் விரல் வைத்தால் நேரம் கம்ப்யூட்டரில் ஏறும். தொழிலாளர்கள் எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் ஓவர்டைம் கொடுத்தாக வேண்டும். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அதில் கறார். அதனால் அவர்கள் வருவதும் போவதும் நிமிடம் தவறாமல் பதிவாகும். ஸ்டாஃப்புக்கு எப்படி என்று முதலாளியிடம் கேட்டேன். காலையில் மட்டும் விரல் வைத்தால் போதும், போகிற நேரம் ஆறு மணி என்று தானாக விழட்டும் என்றார்.

"ஆறு மணிக்கு மேல இருந்தா அது அவங்க ஆர்வம் கண்ணு. ஆர்வத்துக்கெல்லாம் கணக்கு எதுக்கு?"

ஒரே ஒரு வரி. எழுதிப் போட்டுவிட்டு, அன்றைக்கும் எட்டு மணிக்குத்தான் கிளம்பினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கம்பெனிச் சம்பளத்தில் செய்தேன்.

போன முறை சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது முதலாளி, "பையர் ஆடிட் முடியட்டும் கண்ணு. முடிஞ்ச கையோட ஏத்திக் குடுத்தர்றேன்" என்றார். தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க பையர் ஒரு ஆடிட்டரை அனுப்புவார். அவர் சரி என்றால்தான் அடுத்த சீசன் ஆர்டர். முதலாளியின் அந்த ஒரு வார்த்தையை நம்பி, கோவையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

ஆடிட்டுக்கு முந்தைய இரண்டு வாரம் கம்பெனியே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நடைபாதைக் கோடுகளுக்கு மஞ்சள் பெயின்ட், முதலுதவிப் பெட்டிக்குப் புது மருந்து. குழந்தைகள் அறையில் வாங்கி வைத்த பொம்மைகளில் விலைச் சீட்டு அப்படியே இருந்தது. அதைக் கிழித்ததும் இந்த வெப் டெவலப்பர்தான்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண்மணி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேசைக்கு வந்து வருகைப் பதிவைத் திறக்கச் சொன்னார். முதலாளி அவர் பின்னால் நின்றார். தொழிலாளர்களின் நேரங்கள் திரையில் ஓடின. ஐந்து முப்பத்திரண்டு, ஐந்து நாற்பத்தொன்று, ஏழு முப்பத்தெட்டு. தலையசைத்தபடி பார்த்தார். பிறகு ஸ்டாஃப் பட்டியலைக் கேட்டார்.

ஆறு. ஆறு. ஆறு. ஆறு. மேலிருந்து கீழ்வரை அதுதான்.

"எல்லாரும் மூணு மாசமா சரியா ஆறு மணிக்கே கிளம்பியிருக்காங்களே? ஒருத்தர்கூட ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகலையா?"

முதலாளி பெரிதாகச் சிரித்து, "நம்ம ஸ்டாஃப்பு, டைம்னா டைம்ங்க மேடம்" என்றார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளில இருக்கீங்களா? இவங்ககிட்ட தனியா பேசணும்."

அது ஆடிட் விதி, மறுக்க முடியாது. முதலாளி போனார். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். மிரட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கெஞ்சினார்.

"இதை எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க மேடம்."

"நேத்து நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முந்தின நாள் ஒன்பதரை. டீயும் பன்னும்தான் சாப்பாடு. துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் முதலாளியின் வெள்ளைச் சட்டை அசையாமல் நின்றது.

"பயப்படாதீங்க. யார் சொன்னாங்கன்னு வெளிய தெரியாது."

"ஆறு மணிக்குத்தானுங்க மேடம்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "முன்ன பின்ன ஆனாலும் அது ஆறுன்னே விழுந்துருதுங்க. ப்ரோக்ராம்ல ஒரு தப்பு. நான்தான் கவனிக்கலீங்க."

அவர் பேனாவை எடுத்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். இல்லை என்றேன். ஏதோ எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி என் பக்கம் நகர்த்தினார். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனி தேறிவிட்டது. எல்லோருக்கும் மைசூர்பாக்கு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லி, ஆடிட் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

"ஏத்தலாம்னுதான் கண்ணு இருந்தேன். ஆனா பாரு, மொத்த ரிப்போர்ட்லயும் ஒரே ஒரு கொறை. அது உன்ற ப்ரோக்ராம்ல. இப்ப ஏத்துனா மத்தவங்க என்ன நெனைப்பாங்க? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. உண்மையிலேயே அது என் தவறு என்று நம்பிவிட்டிருந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"சார், அது தப்பே இல்லீங்க. நீங்க போடச் சொல்லித்தானுங்க போட்டேன்! தெனமும் எட்டு மணி, ஒம்பது மணி வரைக்கும் நான் இங்கதானுங்க கெடக்கறேன்!"

அந்த அறையில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. வெளியே கீபோர்டு சத்தம் நின்றது. முதலாளி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்படீன்னா அத அன்னிக்கே அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு? நான் வெளியதான நின்னுட்டிருந்தேன்?"

நான் வெளியே வந்துவிட்டேன். அடுத்த மாதமே வேலையையும் விட்டேன். இப்போது யாராவது கேட்டால், கம்பெனியில் வேலை பார்த்த இருநூறு பேர் பிழைப்புக்காகப் பொய் சொன்னேன் என்பேன். கேட்பவர்கள் மெச்சிக்கொள்வார்கள். ஆனால் அந்த அம்மா கேட்ட நேரத்தில் இருநூறு பேரில் ஒருவர் முகமும் என் நினைவுக்கு வரவில்லை. எனக்குச் சம்பளம் ஏறும் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. அதற்காகத்தான் சொன்னேன், தினமும் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போகிறேன் என்று.