ஒரகடத்து வாடை

ஒரகடத்துக்கு வந்த மூன்று வருடங்களாக எனக்கு இட்லியில்கூடக் கூலண்ட் வாடை. உலோகம் கடையும்போது எந்திரம் சூடேறாமல் இருக்க ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர் அது. வல்லக்கோட்டை முருகன் விபூதியிலும் அதே வாடை. இந்த ஊரே இப்படித்தான் என்று முடிவுகட்டி, கோவில்பட்டியில் இருக்கும் மனைவி செல்வியிடமும் போனில் புலம்பியிருந்தேன். விளைவு, பக்கத்துப் படப்பையில் குடும்பத்தோடு இருக்க வீடு பார்த்துவிட்டேன் என்றதும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

செல்வி ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளை மரத்தடியில் கண்ணை மூடி உட்காரவைத்து, காதும் மூக்கும் தோலும் சொன்னதைக் கட்டுரையாக எழுதச் சொல்வாள். எனக்கும் அதே வீட்டுப்பாடம். ஒரகடம் ஏரிக்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதி அனுப்ப வேண்டும். படித்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று சொல்வாளாம்.

வாரவிடுமுறை அன்று காலையில் போனேன். தொழிற்சாலையில் கடைந்த உருப்படிகளைக் கையிலெடுத்துப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று குறிப்பது என் வேலை. ஏரியையும் அப்படியே எழுதினேன். காற்று, ஓகே. கொக்கு, நான்கு, ஒன்றுக்குக் கால் ஒன்று குறைகிறது, ரிஜெக்ட். தண்ணீரை அள்ளி முகர்ந்தேன், கூலண்ட். ஒரு பிடி மண், கூலண்ட். நம் கரிசலில் மண்ணை முகர்ந்து பார்த்தால் விதைக்கப் போகிறான் என்பார்கள். இங்கே நோட்டோடு ஏரிக்கரையில் நிற்பவன் நிலம் அளக்க வந்தவன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா என்ற பெண்மணியும் அப்படித்தான் நினைத்து, எந்த ஆபீசு என்று விசாரித்தார். மனைவிக்குக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் சந்தேகம் அதிகமானது.

தண்ணீர் நாறுகிறது என்றேன். “எம்மாடு தெனம் குடிச்சிகினு கீது, அதுக்குத் தெரியாத நாத்தம் உனுக்குத் தெரிஞ்சிபோச்சா?” என்றவர், ஒரு கோரைக்கிழங்கைப் பிடுங்கி நகத்தால் கீறி, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு மூக்கருகே நீட்டினார். சூடத்தில் ஊறிய சுக்குபோல் ஒரு மணம்.

“இப்ப உங்கைய மோந்து பாருபா.”

பார்த்தேன். கூலண்ட்.

“நாத்தம் ஏரில இல்ல, உங்கையில கீது” என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

எழுதியதைக் கிழித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். கிழங்கின் மணம், கொக்கு எழும்பும்போது ஈரத்துணியை உதறும் சத்தம், மூன்று வருடம் ஊர்மேல் போட்ட பழி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

மாலையில் செல்வி பேசினாள். “நீங்க வந்துட்டுப் போனா தலகாணி உறையில நாலு நாளைக்கு அந்த வாடை கெடக்கும். ஒரகடம்னா அதுதான்னு நெனச்சேன். ஆனா உறையத் தொவைக்கவும் மனசு வராது. பரீட்ச முடியட்டும், நானே வந்து மோந்து பாக்கேன்.”

இப்போது தினமும் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்க்கிறேன். முழுசாகப் போய்விடாதபடி.