மருந்து ஏற்றாத தங்கம்

புற்றணுக்களுக்கு மருந்தைச் சுமந்துபோகிற தங்க நானோ துகள்கள் செய்வது என் வேலை. அடையாறில் ஒரு லேப்.

அந்த ஞாயிறு எங்கள் சீனியருக்கு வடபழனியில் கல்யாணம். லேப் மொத்தமும் அங்கே. செல்கள் வளரும் சத்துநீரான மீடியாவை மாற்ற ஒருவர் வேண்டுமே, நான் இருந்தேன். ஏசி இரைச்சலைத் தவிர துணை இல்லை.

மறுநாள் எங்கள் பேப்பர் ஜர்னலுக்குப் போக வேண்டும். மருந்து ஏற்றிய தங்கம் புற்றணுக்களை அருமையாகக் கொன்றிருந்தது. ஆனால் மருந்து ஏற்றாத வெறும் தங்கத்தைப் பழைய பேட்சில்தான் சோதித்திருந்தோம், புதியதில் இல்லை. மனசு கேட்காமல் முந்தின நாளே அதையும் புற்றணுக்கள் வளரும் சிறு குழிகள் கொண்ட ஒரு பிளேட்டில் போட்டு வைத்திருந்தேன். ஞாயிறன்று குழிகளில் மஞ்சள் சாயம் ஊற்றினேன். செல் உயிரோடிருந்தால் குழி ஊதாவாகும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும்.

எதுவும் சேர்க்காத குழிகள் நல்ல ஊதா. வெறும் தங்கம் போட்ட மூன்று வரிசைகளும் மஞ்சள்.

அப்படியானால் கொன்றது மருந்து என்று சொல்லவே முடியாது. துகள் செய்யும்போது சேர்க்கிற சோப்பு மாதிரியான ரசாயனம் சரியாகக் கழுவப்படாமல் ஒட்டியிருக்க வேண்டும். அது நல்ல செல்லையும் விடாது.

அப்போது சலீம் போன் செய்தான். பேப்பரில் என்னோடு பெயர் உள்ளவன். வெளிநாட்டு வேலைக்கு அதைத்தான் நம்பியிருந்தான். பின்னால் நாதஸ்வரம்.

"மச்சி, இன்னா பண்ணிக்கினு கீற? பந்தி போட்டாங்க, ஓடியா!"

"வெறும் கோல்டே கொல்லுதுடா."

"சூப்பரு! மருந்து செலவு மிச்சம்." சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "டேய், நெஜமாவா?"

"மூணு வரிசையும் மஞ்சள்."

சலீம் மண்டபத்துக்கு வெளியே வந்திருக்க வேண்டும், நாதஸ்வரம் தள்ளிப்போனது. "நாளைக்கு அனுப்பிடலாம் மச்சி. அப்பறம் சரி பண்ணிக்கலாம்."

"அடுத்து எலிக்குப் போடப் போறோம்டா."

"எலி செத்தா அப்போ பாத்துக்கலாம்." வைத்துவிட்டான்.

பிளேட்டைப் படமெடுத்து கைடு மேடத்துக்கு அனுப்பினேன். மண்டபத்திலிருந்தே கூப்பிட்டார். "இப்பவாவது பாத்தியே. பேப்பர் நாளைக்குப் போகாது."

திங்களன்று சலீம் என்னை டீக்குக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. துகள்களைத் திரும்பத் திரும்பக் கழுவி, வெறும் தங்கத்தின் குழிகள் ஊதாவானபோது அவன் வேறு லேபுக்குப் போயிருந்தான். படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று நீல டிக் காட்டியது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஒவ்வொரு பேட்சிலும் வெறும் துகளை முதலில் சோதியுங்கள். லேபில் ஆள் இருக்கிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். மஞ்சளைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.