கத்தரி நாற்றைத் தின்றது யார்?

கூலிப் போராட்டத்தில் என் கணவர் சிறைக்குப் போன ஐப்பசி மாதம், குடவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தேன். கொல்லையில் போட்ட கத்தரி நாற்றில் தினமும் கொஞ்சம் இலைகள் குறைந்தன. பக்கத்து வீட்டு அஞ்சலையைச் சந்தேகப்பட்டேன். அவள் கணவர் போராட்டத்தில் சேராமல் பண்ணை வேலைக்குப் போனவர்.

"வயித்தெரிச்சல்ல நீதானே கிள்ளுறே?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

நாலே நாளில் பாத்தி மொட்டையானது. அன்று காலை, மழையில் நனைந்து கிடந்த சாக்கைத் தூக்கினால், அடியில் ஓடில்லாத நத்தைகள் கொழகொழவென்று ஒட்டிக்கிடந்தன. வெட்கத்தோடு அவள் வாசலுக்குப் போய்ச் சொன்னேன்.

"தெரியும்க்கா. விடியக்காலைல வந்து நான்தான் பொறுக்கிப் போட்டுக்கிட்டிருந்தேன். நீங்க திட்டுனப்புறம் வரல."

என் கணவர் இல்லாத வீட்டில்கூட, அவள் வீட்டு வாசலில் நின்றபோது உணர்ந்த தனிமையை நான் அறிந்ததில்லை.