மண் சரியில்லை

அப்பா சாவியைத் திருப்புவார். வேன் ‘டிக்’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். முகப்பு விளக்குகள் அக்கணத்தில் சோர்ந்து மஞ்சளாகி, அவர் கையை எடுத்ததும் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் பளிச்சிடும். மறுபடி திருப்புவார். மறுபடியும் அதே ஒற்றை ‘டிக்’. அக்காவின் உயர்தரப் பரீட்சைக்கு ஒன்பது நாள்கள் இருந்தபோது தொடங்கிய நோய் அது. அதன்பின் எங்கள் வீட்டில் எவரும் சேவல் கூவி விழிக்கவில்லை. அந்த ஒலிக்கே விழித்தோம்.

எனக்கு அப்போது பத்து வயது. கொடகவெலையிலிருந்து மேலே ஏறும் தோட்டமொன்றில், மலையோரத்து லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் கடைசிக் காம்பராவில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா பழைய டீசல் வேனொன்றில் தோட்டத்துப் பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கினார். அக்காவின் பரீட்சை மண்டபமோ இரத்தினபுரியில் இருந்தது. சந்திக்கு வரும் முதல் பஸ்ஸில் ஏறினால், வினாத்தாள் கொடுத்து அரைமணி கழிந்த பின்னரே அங்கே போய்ச் சேரலாம். வேன் புறப்பட்டால் அக்கா பரீட்சை எழுதுவாள், புறப்படாவிட்டால் எழுதமாட்டாள். இதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததனால்தான் அம்மா உலையை வைத்துவிட்டு அரிசியை மறந்தாள். அக்கா ஒரே பக்கத்தை நின்றும் நடந்தும் வாசித்தாள். அப்பா சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் வேனைப் பார்த்துவிட்டு வந்தார்.

எங்கள் வழக்கில் பெட்டரி எனப்படும் மின்கலத்தின்மீதே முதல் ஐயம் விழுந்தது. அப்பா அதைக் கழற்றிச் சென்று முழுநாள் மின்னேற்றிக் கொண்டுவந்து பூட்டினார். ‘டிக்.’ நண்பரிடம் புதிய மின்கலமொன்றை இரவல் வாங்கிப் பூட்டினார். ‘டிக்.’ அம்மாவின் தம்பியாகிய மாமா, கொழும்பில் டயர்க் கடையொன்றில் ஆறு மாதம் இருந்தவர். அந்த ஆறு மாதத்தில் வாகனங்களின் சகல நோய்களையும் கற்றுத் தேர்ந்துவிட்டதாக நம்பியவர். அவர் முதல்நாள் வந்து, “டைனமோ போயிருச்சு மச்சான், கண்ண மூடிக்கிட்டு மாத்துங்க” என்றார். இரண்டாம் நாள், “ஸ்டார்ட்டர்தான். சத்தத்த கேட்டாலே தெரியுதே” என்றார். மூன்றாம் நாள் வேனுக்கடியில் தலையை நுழைத்து வெகுநேரம் கிடந்து, “எலி” என்று அறிவித்தார்.

“எலி எங்கடா?” என்று அம்மா கேட்டாள்.

“போயிருச்சுக்கா. கடிச்சிட்டுப் போயிருச்சு.”

நல்லவேளையாக வேன் நின்ற இடம் லயத்தை ஒட்டிய சரிவு. நாலு பேர் தள்ளினால் உருண்டுபோய்க் கீழ்வளைவுக்குள் உறுமி உயிர்பெற்றுவிடும். ஆனால் தள்ளி எழுப்பிய வண்டியை நம்பி இரத்தினபுரிக்குப் போவதெப்படி? அப்பா கொடகவெலையிலிருந்த வயரிங் பாஸுக்குச் சொல்லியனுப்பினார். கைத்தொழில் தெரிந்த எவரையும் எங்கள் பக்கத்தில் பாஸ் என்பதே வழக்கம்.

அவர் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது, அப்பா பெல்மதுளைக்கு ஒரு மரணவீட்டுக்குப் போயிருந்தார். அம்மா பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் குழப்பக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே குடும்பத்தின் சார்பில் அவரை வரவேற்றவள் நான்.

அவர் அதிகம் பேசவில்லை. அளவுமானியின் இரு முனைகளையும் மின்கலத்தின் இரு தலைகளில் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஒரு முனையை மின்கலத்திலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் ஊன்றிக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக நான் வேனின் சாவியைத் திருப்பினேன். ‘டிக்.’ முள் துள்ளி எழுந்ததைக் கண்டு அவர் சிரித்தார். எஞ்சினுக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, பச்சைத் துரு படிந்த விரல்களை எனக்குக் காட்டினார். பின்பு சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்:

“அர்த் எக்க ஹொந்த நே, துவே. மாரு கரன்ன ஓன. தாத்தாட்ட கியன்ன.”

எர்த் சரியில்லை, மகளே, மாற்றவேண்டும், அப்பாவிடம் சொல். பொருத்தமான கம்பி தம் பையில் இல்லை, வேனைக் கடைக்குக் கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை என்றும் கூறிவிட்டுப் புறப்பட்டார்.

பாடசாலையில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நானே முதலாவது. அந்நியச் சொல் எது காதில் விழுந்தாலும் அதைத் தமிழாக்கிச் சொல்வதே கல்வியின் அடையாளம் என்ற செருக்கு அந்த வயதிலேயே எனக்கு இருந்தது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்ற நுட்பத்தைக்கூட நான் தவறவிடவில்லை. அத்தகைய நான் ‘எர்த்’ என்ற எளிய சொல்லை அப்படியே விட்டுவைப்பேனா? எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்குப் பொருள் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது.

“பாஸ் என்னடி சொன்னாரு?” என்று ஈரத்துணிக் கூடையோடு வந்த அம்மா கேட்டாள்.

“மண்ணு சரியில்லையாம்மா. மாத்தணுமாம்.”

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பதைவிட நழுவவிட்டாள் என்பதே சரி.

“வேனு நிக்கிற எடம் மட்டுமா? இல்ல, லயத்தையும் சேத்தா?”

“லயத்த பத்தி ஒண்ணும் சொல்லல.”

“மேல மலையில ஏறிப் பாத்தாரா?”

“வேனத்தான் பாத்தாரு.”

கம்பியைப் பற்றியும் கடையைப் பற்றியும் நான் சொன்னவை அவள் செவியில் ஏறவில்லை. அடுத்த கால்மணிக்குள் லயத்து ஆண்கள் எல்லாரையும் கூட்டிவிட்டாள். மாமா ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார், மற்றவர்கள் தள்ளினார்கள், வேன் சரிவில் குலுங்கியிறங்கி, உயிர்பெற்று, சுற்றுப்பாதையால் மலையைவிட்டு விலகி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னாலிருந்த சமதரையில் போய் நின்றது. எஞ்சினை நிறுத்தி, மாமா மறுபடி சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பற்றிக்கொண்டது.

“பாத்தீங்களா!” என்றார் மாமா, மண்ணைக் கண்டுபிடித்தவர் தாமே என்பதுபோல. என் தலையை நாலு பேர் தடவிக்கொடுத்தார்கள்.

மாலையில் அப்பா வந்தார். வேனின் புதிய இடத்தையும் அதற்கான காரணத்தையும் கேட்டார். என்னை முன்னால் நிறுத்தினார்.

“பாஸ் சொன்னத அப்படியே சொல்லு. தமிழ்ல வேணாம். சிங்களத்துல.”

இங்கேதான் நான் பிழையிலிருந்து பொய்க்குக் கடந்தேன். ‘அர்த்’ என்று சொல்லியிருந்தால் அப்பா மறுகணமே விளங்கிக்கொண்டிருப்பார். ஆனால் என்னைப் புகழ்ந்தவர்கள் இன்னும் வாசலில் நின்றார்கள். நான் பெயர்த்தது பிழையோ என்ற சந்தேகம் எனக்குள் தலைநீட்டிய அந்நொடியிலேயே, பிழையில்லை என்று நிறுவ வேண்டிய அவசரமும் வந்துவிட்டது. சிங்களத்தில் மண்ணுக்குப் ‘பஸ்’ என்று பெயர்.

“‘பஸ் ஹொந்த நே’ன்னாரு” என்றேன்.

“நம்மகிட்ட இருக்கிறது வேனுல்ல?” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

“மண்ணாமே, மண்ணு. தோட்டத்து ஆளுக எத சொன்னாலும் நம்புவாங்கன்னு நெனச்சுட்டாரு போல. வெளையாட்டுக் காட்டிட்டுப் போயிருக்காரு.” “அந்த ஆள்கிட்ட இனிப் போகல” என்று முடித்தார். மடுவத்தடி சமதரை, அங்கே நின்றுவிட்டால் தள்ளி எழுப்ப முடியாது என்றும் அம்மாவிடம் வாதிட்டார். அம்மா அசையவில்லை. வேனும் அம்மாவின் பக்கமே நின்றது: திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரே திருப்பில் புறப்பட்டது.

வீடு அமைதியடைந்தது, நான் அமைதியிழந்தேன். புதன்கிழமை அக்காவின் பௌதிகவியல் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டி, எர்த் என்ற சொல்லுக்குப் புவித்தொடுப்பு என்றொரு பொருளும் உண்டெனக் கண்டேன். பக்கத்திலிருந்த படத்தில் மண் இல்லை. ஒரு கம்பிதான் இருந்தது. புத்தகத்தை மூடினேன். திறந்தேன். வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். வேன்தான் ஓடுகிறதே, இப்போது எதற்குச் சொல்லவேண்டும் என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டு, அப்பா எதிர்ப்பட்டபோதெல்லாம் வேறு பக்கமாக நடந்தேன்.

பரீட்சைக்கு முந்தைய இரவு முழுவதும் மழை. விடியற்காலையில் அக்கா வெள்ளைச் சீருடையோடு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தாள். அனுமதி அட்டையைக் கண்ணாடித்தாள் உறையில் இட்டு மடியில் வைத்திருந்தாள். அப்பா சாவியைத் திருப்பினார்.

‘டிக்.’

மீண்டும் திருப்பினார். மாமாவும் நாலு பேரும் ஓடிவந்து தள்ளினார்கள். சமதரை, சேறு, வேன் பத்தடி நகர்ந்து சலித்து நின்றது. பின்னுக்குத் தள்ளினார்கள், அங்கும் பத்தடி. “எலிதான் மச்சான், நான் அன்னைக்கே...” என்று தொடங்கிய மாமாவை அப்பா பார்த்த பார்வையில் எலி ஓடிவிட்டது.

“அப்பா, மணி அஞ்சே முக்கால்” என்றாள் அக்கா. இறங்கச் சொன்னபோதும் அவள் இறங்கவில்லை. இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அஞ்சியவள்போல இருக்கையின் விளிம்பைப் பற்றியிருந்தாள். அம்மா முந்தானையால் முகப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“பாஸ் ‘பஸ்’னு சொல்லலப்பா. ‘அர்த்’னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்.”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா ஓட்டுநர் இருக்கைப் பலகையைத் தூக்கியிருந்தார். வண்டிக்கு வண்டி மின்சாரம் கொடுக்க வைத்திருந்த தடித்த கறுப்புக் கம்பியை எடுத்து, ஒரு கவ்வியை மின்கலத்தின் தலையிலும் மற்றதை எஞ்சினின் இரும்பிலும் கடித்துப் பிடிக்கவைத்தார். ஒரு பொறி பறந்தது. “திருப்பும்மா!” என்று கத்தினார். அக்கா எட்டிச் சாவியைத் திருப்பினாள்.

மடுவத்தின் தகரமெல்லாம் அதிர்ந்தது.

“மொதல்லயே சொல்லியிருந்தா...” என்று என்னைப் பார்த்துத் தொடங்கிய அப்பா, அதை முடிக்க நேரமின்றி ஏறிப் போய்விட்டார். அக்கா மணி அடிப்பதற்கு முன்பே மண்டபத்துக்குள் போய்விட்டாள் என்பது பிற்பகலில் தெரிந்தது. திரும்பும் வழியில் அப்பா பாஸின் கடையில் வேனை நிறுத்திக் கம்பியை மாற்றினார். தாம் நினைத்தது எதையும் அவரிடம் சொல்லவில்லை என்றார்; ஆனால் இரண்டு கோப்பைத் தேநீர் குடிக்கும்வரை அங்கே நின்றிருக்கிறார்.

நோய் தீர்ந்தது; சரிவில் குலுங்கியதில் துருக்கம்பி மூன்று நாள் ஒட்டிக்கொண்டிருந்து, மழை ஈரத்தில் விட்டுப்போனது என்ற காரணமும் தெரிந்தது. இனி வேனைப் பழையபடி வீட்டோடு கொண்டுவந்து நிறுத்தலாம் என்று நான்தான் அம்மாவிடம் முதலில் சொன்னேன். “மண்ணுல ஒண்ணும் இல்லம்மா. வெறுங் கம்பிதான். அப்பாகிட்ட வேணும்னா கேளுங்க.”

“அது அங்கேயே நிக்கட்டும்” என்றாள் அம்மா.

அப்பாவும் ஏனோ இம்முறை வாதிடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் வேன் மடுவத்தடியிலேயே நின்றது. மழை வலுக்கும் மாலைகளில் அம்மா அடுப்பை அணைத்து, பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த பையையும் எங்களையும் எடுத்துக்கொண்டு வேனுக்குள் போய் அமர்வாள். அக்கா மூலையில் மிச்சமிருந்த பாடங்களைப் படிப்பாள். எனக்கு அது பெருங்களிப்பு; ஆயினும் அம்மாவின் அறியாமையை எண்ணி உள்ளூர இரக்கமும் இருந்தது. என் பிழையை நானே திருத்தவேண்டும் அல்லவா? ஆகவே ஈரம் படிந்த கண்ணாடியில் விரலால் மின்கலம் வரைந்து, எஞ்சின் வரைந்து, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, எர்த் என்பது மண்ணன்று என்று அவளுக்கு மீண்டும் மீண்டும் விளக்கினேன்.

அம்மா ‘ம்’ கொட்டிக்கொண்டிருப்பாள். நான் வரைந்த கோடுகளுக்கு ஊடாக, எங்கள் லயத்துக்கு மேலே நனைந்துகொண்டிருந்த மலையைவிட்டு அவள் கண்ணை எடுத்ததில்லை.