பின்னால் சுற்றிய கல்யாணக் கார்ச் சக்கரம்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தேன். ஒரு டேப்பில், பெண்ணும் மாப்பிள்ளையும் வந்த கார் முன்னால் வருகிறது. சக்கரம் மட்டும் பின்னால் சுற்றுகிறது!

"மருமக வர்றப்பவே சகுனம் சரியில்லையே!" என்று டேப்பைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா அலறினார்.

காரணம் எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொண்டால் மானம் போய்விடுமே!

"காரை ஓட்டின அங்கிள் ரிவர்ஸ் கியர் போட்டிருப்பாரு லா, ஆன்டி."

அந்த அங்கிள் ஆன்டியின் சொந்தத் தம்பி. பாவம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பரிகாரமாக மறுபடியும் காருக்குப் பூ, ஆரத்தி, வலது கால். மறுபடியும் நானே வீடியோ எடுத்தேன். போட்டுப் பார்த்தால் சக்கரம் அதேபோல் பின்னால்தான் ஓடியது.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, இப்பவும் ரிவர்ஸ் கியர்தானா?"

கேமரா விட்டு விட்டுத் தனித்தனிப் படங்களாகப் பிடிப்பதால் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோல் தோன்றும் மாயம் அது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேமராவாவது தெரியாமல் பொய் சொன்னது.