கிளி மறந்த சொற்கள்

பெயின்ட் அடிக்கிறவன் மூக்கை நம்பி ஒன்றும் செய்யக்கூடாது என்பது ஸ்ப்ரே கன் பிடித்த உங்களுக்கெல்லாம் தெரியும். நம்மில் முதலில் சாவது அதுதானே.

வரவேற்பு

ஆரையம்பதியில், வாவிக்கரையில், ஓட்டோக்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கொட்டில் என்னுடையது. வாசலில் ஒரு கிளிக்கூடு. ஆள் வந்தால் கிளி "வாங்க, இரிங்க" என்னும். மத்தியானமானால் என் மனைவி வசந்தியின் குரலிலேயே "சோறு ஆறுது" என்று என்னைக் கூப்பிடும். காத்தான்குடியில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; ஓட்டோ கொண்டுவந்த அந்த ஊர்ப் பாறூக் காக்கா அந்த உபசாரத்தில் குளிர்ந்துபோனார்.

"தம்பி, உங்களுக்கிட்ட இல்லாத மரியாத உங்கட கிளிக்கிட்ட இரிக்கி."

படங்குக்குள்ளே

மாரியில் ஈரப் பெயின்டில் தூறல் படக்கூடாதென்று கொட்டிலைச் சுற்றித் தார்ப்பாய்ப் படங்கு கட்டுவோம். நனையுமே என்று கிளியையும் உள்ளே எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் "வாங்க" வந்தது, "இரிங்க" வரவில்லை. பிறகு "சோறு ஆறுது"ம் போயிற்று. கொய்யாத்துண்டைக் காட்டிக்காட்டி "போயிட்டு வாங்க" பழக்கினோம், ஏறவேயில்லை. வயசாகிவிட்டது என்று வசந்தியிடம் சொன்னேனே தவிர, எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஓட்டோவில் புதுக் கீறலோடு வந்த பாறூக் காக்கா, படங்கைத் தூக்கி உள்ளே வந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். "பெயின்ட் தின்னர் மணமே இல்லையே காக்கா" என்றேன்.

"உங்கட மூக்குக்கு இல்ல தம்பி. அந்தக் கிளி என்ன, மாஸ்க்கா போட்டிரிக்கி?"

யாருக்கு மருந்து

அன்றே மிருக வைத்தியரிடம் போனோம். பறவை இழுக்கிற மூச்சில் தின்னர் ஆவி சுலபமாக ஏறிவிடும் என்றார். அது மூளையைத் தாக்கினால் பழகியதும் மறக்கும், புதிதும் படியாது. நல்ல காற்றில் வைத்தால் தேறலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

வசந்தி என்னைக் காட்டினாள். "இவருக்கும் அப்பிடித்தான் டொக்டர். சொன்னது மறந்துபோகுது, புதிசா சொன்னா ஏறுதில்ல."

சிரிக்க வாயெடுத்தேன். முதல் நாள் கலந்த பச்சைக்கு என்னென்ன சேர்த்தேன் என்று காலையிலிருந்து யோசித்தும் வராதது ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை. வைத்தியரும் சிரிக்கவில்லை.

"நான் கிளிக்குத்தான் அக்கா மருந்து குடுப்பன். இவர நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

இப்போது நான் மாஸ்க் போட்டு, படங்கை ஒரு பக்கம் திறந்துவிட்டுத்தான் அடிக்கிறேன். வசந்தி சமைக்கும் குசினி ஜன்னலுக்குப் போன கிளி மத்தியானத்தில் "சோறு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, "ஆறுது" என்பதை ஞாபகம் வைத்திருப்பது என் பங்கு.